விரித்தால் எத்தனை வரிசை?

3 ஊழியர்களின் விவரம் ஓர் அட்டவணையில் இருக்கிறது; ஆளுக்கு ஒரு வரிசை. அவர்களுடைய குழந்தைகளைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் 5 வரிசைகள் வருகின்றன. இதுவரை பார்த்த வேலைகளையும் சேர்த்துக் காட்டச் சொன்னால் 14. அதே கேள்வியைக் குவெரியின் வேறொரு பகுதியில் எழுதினால் 10. ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. ஆனால் முதலில் வந்த 5 வரிசைகளில் 2 ஊழியர்கள்தான் இருக்கிறார்கள்.

எஸ்.க்யூ.எல். எழுதிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுமாறியிருப்பார்கள். ஒரே கட்டத்துக்குள் பட்டியலாக, அதாவது அரேயாக, அடுக்கி வைத்த மதிப்புகளை வரிசைகளாக விரிக்கும்போது எண்ணிக்கை நினைத்தபடி வருவதில்லை. சில வரிசைகள் மறைகின்றன, சில பலமடங்காகின்றன. உடனே டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் சேர்த்து எண்ணிக்கையை அடக்கப் பார்ப்பது வழக்கம். அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் மறைக்கிற வேலை. இங்கே நடப்பது முழுக்க முழுக்கக் கணக்கு: கூட்டல், பெருக்கல், பூஜ்ஜியம். அரேயை விரித்த கணத்தில் 'ஒரு வரிசை என்பது ஓர் ஊழியர்' என்ற உடன்பாடு முடிந்து, 'ஒரு வரிசை என்பது ஒரு குழந்தை' என்ற புதிய உடன்பாடு தொடங்கிவிடுகிறது. குவெரி எழுதியவர் பழைய உடன்பாட்டிலேயே இருக்கிறார். எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

ஊழியர், வேலைகள், குழந்தைகள் என்ற இந்த உதாரணத்துக்கு வயது 50க்கு மேல். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், 1970 ஜூன் மாதம் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். உறவுமுறைத் தரவுத்தளம் என்று இன்று நாம் சொல்லும் அத்தனைக்கும் அந்தக் கட்டுரைதான் ஊற்று. ஊழியருக்கு எண், பெயர், பிறந்த தேதி. கூடவே பார்த்த வேலைகளின் பட்டியல், குழந்தைகளின் பட்டியல். ஒவ்வொரு வேலைக்குள்ளும் சம்பள வரலாறு என்று இன்னொரு பட்டியல். பட்டியலுக்குள் பட்டியல் இருக்கும் இந்த அமைப்பைக் கலைத்து, ஒவ்வொரு பட்டியலையும் தனி அட்டவணையாக்கி, ஊழியர் எண்ணை எல்லாவற்றிலும் சேர்த்துவிடுங்கள் என்றார் காட். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்ற அந்த விதிதான் பின்னாளில் முதல் இயல்பு வடிவம் என்ற பெயரில் பாடப்புத்தகங்களில் ஏறியது. 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

வெளியே அனுப்பிய பட்டியல் நெடுநாள் வெளியிலேயே நிற்கவில்லை. 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் அரேக்களைத் தாராளமாக ஏற்றது. 1999இல் வந்த எஸ்.க்யூ.எல். தரநிலையே அரேயையும் அதை விரிக்கும் அன்னெஸ்ட் என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. ஜேசன் பரவிய பிறகு கேட்கவே வேண்டாம். ஓர் இணையதளத்தில் நடந்த ஒரு நிகழ்வையும் அதன் இருபது முப்பது குறிப்புகளையும் ஒரே வரிசையில் சேர்த்து வைப்பது எழுதவும் எளிது, படிக்கவும் வேகம். அரே வைத்திருப்பதே பாவம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மடித்து வைத்ததை விரிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முதல் ஊழியருக்கு 2 வேலைகள், 3 குழந்தைகள். இரண்டாமவருக்கு 4 வேலைகள், 2 குழந்தைகள். மூன்றாமவருக்கு 3 வேலைகள். குழந்தை இல்லை, ஆகவே அந்தக் கட்டத்தில் காலி அரே.

குழந்தைகளை விரிக்க வேண்டும் என்றால் வழக்கமாக ஃப்ரம் பகுதியில் அட்டவணையின் பெயரைப் போட்டு, ஒரு கமா போட்டு, குழந்தைகள் அரேயை அன்னெஸ்ட் செய்யச் சொல்வோம். அந்தக் கமாவுக்குப் பொருள் க்ராஸ் ஜாயின், அதாவது பெருக்கல். தரவுத்தளம் ஒவ்வொரு ஊழியரிடமும் நின்று, அவருடைய அரேயை ஒரு சிறு அட்டவணையாக விரித்து, அந்த ஒரு வரிசையோடு பெருக்குகிறது. முதலாமவர் 1 பெருக்கல் 3, இரண்டாமவர் 1 பெருக்கல் 2, மூன்றாமவர் 1 பெருக்கல் 0. மொத்தம் 5. பூஜ்ஜியத்தால் பெருக்கியதால் மூன்றாமவர் பட்டியலைவிட்டே போய்விடுகிறார். அவருடைய பெயர், எண், சம்பளம் எல்லாம் அப்படியே இருந்தும், குழந்தை இல்லை என்ற ஒரே காரணத்தால் அறிக்கையில் இடமில்லை.

வேலைகளையும் சேர்த்து இன்னொரு கமாவுக்குப் பின்னால் விரித்தால் பெருக்கல் இன்னொரு படி ஏறுகிறது. முதலாமவருக்கு 2 பெருக்கல் 3, 6 வரிசைகள். இரண்டாமவருக்கு 4 பெருக்கல் 2, 8. மூன்றாமவருக்கு 3 பெருக்கல் 0, மறுபடியும் ஒன்றுமில்லை. மொத்தம் 14. இதில் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு குழந்தையோடும் ஜோடி சேர்கிறது. எந்தக் குழந்தைக்கும் எந்த வேலைக்கும் இடையே உலகில் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் வரிசை அப்படி ஒரு தொடர்பு இருப்பதுபோல நிற்கும். காட் தம் கட்டுரையில் இந்த இரண்டையும் இரு தனி அட்டவணைகளாகப் பிரித்தது எவ்வளவு கூர்மையான முடிவு என்பது இங்கேதான் புரிகிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பட்டியல்களை ஒரே விடைக்குள் அடைத்தால், அவை சம்பந்தமில்லாமலே பெருகும்.

இந்தப் பெருக்கம் காசுக்கணக்கில் கைவைக்கும்போதுதான் வலி தெரியும். மூவரின் மாதச் சம்பளம் முறையே 30,000, 40,000, 50,000 ரூபாய் என்று கொள்வோம். உண்மையான மொத்தம் 1,20,000. குழந்தைகளை விரித்த பிறகு சம்பளத்தைக் கூட்டினால் முதலாமவருடையது மூன்று முறையும் இரண்டாமவருடையது இரண்டு முறையும் சேர்ந்து 1,70,000 ஆகிறது. மூன்றாமவருடைய 50,000 அதில் இல்லவே இல்லை. ஒரு பக்கம் கூடுதல், இன்னொரு பக்கம் இழப்பு. இரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. எண்கள் வேறுவிதமாக அமைந்தால் இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பார்த்தால் நம்பும்படியான மொத்தத்தைக்கூடத் தந்துவிடும்.

இந்த இடத்தில் டிஸ்டிங்க்ட் போட்டுச் சம்பளத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. டிஸ்டிங்க்ட் என்பது ஊழியர்களை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை, சம்பள எண்களைத்தான் பார்க்கிறது. இருவருக்கு ஒரே 40,000 என்றால் ஒருவருடைய சம்பளம் மறைந்துவிடும். யாரும் விடுபடாத சிறு சோதனை அட்டவணையில் சரியாக வந்துவிட்டு, மூவாயிரம் பேர் இருக்கும் நிஜ அட்டவணையில் சத்தமில்லாமல் தவறும் வகைத் திருத்தம் இது. அதைவிட ஆபத்தானது எனக்குத் தெரிந்து குறைவு.

மறைந்த ஊழியரைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது. கமாவுக்குப் பதிலாக லெஃப்ட் ஜாயின் எழுதி, நிபந்தனையாக ட்ரூ என்று கொடுத்தால், அரே காலியாக இருந்தாலும் ஊழியருக்கு ஒரு வரிசை வரும். குழந்தையின் இடத்தில் மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' நிற்கும். 5 இப்போது 6 ஆகிறது. இரண்டு அரேக்களையும் இப்படியே விரித்தால் 14 என்பது 17 ஆகும். நல்லதுதான். ஆனால் அடுத்த வரியில் வேர் பகுதிக்குப் போய், 2010க்குப் பின் பிறந்த குழந்தைகள் மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போச்சு. 'நல்' எந்த ஆண்டோடும் ஒப்பிட்டுத் தேறாது. பாடுபட்டுக் காப்பாற்றிய ஊழியர் மறுபடியும் வெளியேறிவிடுவார். அந்த நிபந்தனை ஜாயினுடைய ஆன் பகுதிக்குள் இருந்திருக்க வேண்டும். எண்ணும்போதும் இதே கவனம் வேண்டும். நட்சத்திரக்குறி போட்டு கவுண்ட் செய்தால் குழந்தை இல்லாதவருக்கு 1 என்று வரும், குழந்தைப் புலத்தின் பெயரைக் கொடுத்து கவுண்ட் செய்தால்தான் 0.

காலி என்பதிலும் வகைகள் உண்டு. கட்டத்தில் அரேயே இல்லாமல் 'நல்' இருக்கலாம்: குழந்தைகளைப் பற்றி நாம் கேட்கவே இல்லை. காலி அரே இருக்கலாம்: கேட்டோம், இல்லை என்றார்கள். ஒரே ஒரு 'நல்' கொண்ட அரே இருக்கலாம்: ஒரு குழந்தை உண்டு, பெயரைப் பதிவு செய்யவில்லை. மனிதர்கள் பார்வையில் மூன்றும் வேறு வேறு செய்திகள். சாதாரணமாக விரித்தால் முதல் இரண்டும் 0 வரிசை, மூன்றாவது 1 வரிசை. மறைவதைத் தடுக்கவென்று லெஃப்ட் ஜாயின் போட்டால் மூன்றுமே 'நல்' கொண்ட 1 வரிசையாகிவிடும். எது எது என்று அடையாளமே தெரியாது. மூன்றாவதை மட்டுமாவது பிரித்தறிய ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. வித் ஆர்டினாலிட்டி என்று சேர்த்தால் ஒவ்வோர் உறுப்பும் அரேயில் எத்தனையாவது என்ற எண்ணும் கூடவே வரும். பெயர் தெரியாத குழந்தைக்கு அந்த எண் 1. காலி அரேக்கும் இல்லாத அரேக்கும் அந்த எண்ணே 'நல்'.

சேமிப்பு வடிவங்களை உருவாக்கியவர்கள் இந்த வேறுபாட்டை எவ்வளவு பொறுப்போடு காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2010இல் கூகுள் வெளியிட்ட ட்ரெமல் கட்டுரையில், மடிந்த தரவை நெடுவரிசைகளாகப் பிரித்து வைக்க ஒவ்வொரு மதிப்போடும் இரண்டு சிறு எண்களைச் சேர்த்தார்கள். ஒன்று, எந்த மட்டத்தில் பட்டியல் திரும்ப வருகிறது என்று சொல்லும். மற்றது, பாதையில் எந்த மட்டம்வரை மதிப்பு உண்மையில் இருக்கிறது என்று சொல்லும். 2013இல் அறிமுகமான பார்க்கே கோப்பு வடிவமும் இதே முறையைப் பின்பற்றுகிறது. இல்லாத பட்டியல், காலிப் பட்டியல், காலி உறுப்புள்ள பட்டியல் மூன்றையும் இரண்டாவதாகச் சொன்ன சிறு எண்ணைக் கொண்டே பிரித்தறியலாம். இவ்வளவு கவனமாகச் சேமித்ததைக் கவனமில்லாமல் போட்ட ஒரு கமா அழித்துவிடுகிறது.

இரண்டு அரேக்களை ஒன்றாக விரிப்பதில் இன்னொரு பெரிய கதை இருக்கிறது. அன்னெஸ்ட்டை ஃப்ரம் பகுதியில் எழுதாமல் செலக்ட் பகுதியிலேயே எழுத போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும். செலக்ட்டுக்குள் வேலைகளுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரண்டு அன்னெஸ்ட் எழுதினால் எத்தனை வரிசை வர வேண்டும்? பெருக்கல் என்பது ஒரு விடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலோடு முதல், இரண்டாவதோடு இரண்டாவது என்று கோப்பது இன்னொரு விடை. 2017 அக்டோபரில் போஸ்ட்கிரெஸ் 10 வெளிவரும்வரை அது இரண்டையுமே செய்யவில்லை. குட்டையான பட்டியல் முடிந்ததும் அதை மறுபடி முதலிலிருந்து சுற்றவிட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தது. ஆக, வரிசைகளின் எண்ணிக்கை இரண்டு நீளங்களின் மீச்சிறு பொது மடங்கு! பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குக்காகப் படித்த மீ.சி.ம. இங்கே வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

சீனர்களின் ஆண்டுக் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. நம் பஞ்சாங்கத்தின் அறுபது ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை ஒரே பட்டியல். சீனர்களுடைய அறுபதோ 10 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலும் 12 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலும் ஆண்டுதோறும் ஒரேயடியாக ஒவ்வோர் இடம் நகர்வதால் கிடைப்பது. 10க்கும் 12க்கும் 120 ஜோடிகள் சாத்தியம். ஆனால் 60 ஆண்டுகளில் சுற்று முடிந்துவிடுவதால் பாதி ஜோடிகள் என்றைக்குமே வருவதில்லை. இரண்டு நீளங்களுக்கும் 2 என்ற பொதுக் காரணி இருப்பதே காரணம். பொதுக் காரணி இல்லாத நீளங்கள் என்றால் மீ.சி.ம.வும் பெருக்கற்பலனும் ஒன்றே. அப்போது எல்லா ஜோடிகளும் ஒவ்வொன்றும் சரியாக ஒரு முறை வந்துவிடும். சீன மீதித் தேற்றம் தரும் உறுதி அது.

பழைய போஸ்ட்கிரெஸ் பலரைக் குழப்பியதற்கு இதுதான் அடிப்படை. நம் முதல் ஊழியருக்கு 2 வேலைகள், 3 குழந்தைகள். பொதுக் காரணி கிடையாது. 6 வரிசைகள், எல்லா ஜோடியும் உண்டு. அவரை மட்டும் வைத்துச் சோதித்தவர் இது பெருக்கல் என்று முடிவு கட்டியிருப்பார். இரண்டாமவருக்கு 4 வேலைகள், 2 குழந்தைகள், மீ.சி.ம. 4, எட்டில் பாதி ஜோடிகள் காணோம். அவரை வைத்துச் சோதித்தவர் இது பக்கத்தில் பக்கத்தில் கோப்பது என்று நினைத்திருப்பார், குழந்தைகளின் பெயர்கள் ஏன் இரண்டு முறை வருகின்றன என்று விழித்தபடி. இரண்டு அரேக்களும் சமநீளம் என்றால் இன்னும் மோசம், எல்லாம் கச்சிதமாகக் கோத்து வரும். சமநீளம் என்ற நம்பிக்கையில் எழுதிய நிரல் பல ஆண்டுகள் ஓடி, என்றோ ஒருநாள் ஓர் உறுப்பு கூடியதும் வெடிக்கும். 4க்கு 4 என்றிருந்தவரை 4 வரிசைகள். 4க்கு 5 ஆனதும் 20.

போஸ்ட்கிரெஸ் 10 இதை ஒழித்துக்கட்டியது. இப்போது செலக்ட்டுக்குள் எத்தனை அன்னெஸ்ட் இருந்தாலும் எல்லாம் ஒன்றாக நடைபோடும். குட்டையானவை முடிந்ததும் மிச்ச இடத்தை 'நல்' நிரப்பும். ஒவ்வோர் ஊழியருக்கும் நீளமான அரே எதுவோ அத்தனை வரிசை. நம் அட்டவணையில் 3, 4, 3 என்று மொத்தம் 10. குழந்தை இல்லாத மூன்றாமவரும் தம் 3 வேலைகளோடு பட்டியலில் நிற்கிறார். பழைய முறையில் என்ன வந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முதலாமவருக்கு 6, இரண்டாமவருக்கு 4. காலிப் பட்டியலை எத்தனை முறை சுற்றினாலும் ஒன்றும் வராது என்பதால் மூன்றாமவருக்கு 0. அதுவும் மொத்தம் 10! பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறியபோது, வரிசைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய நிலை. உள்ளே ஓர் ஊழியர் புதிதாக வந்திருக்கிறார், இன்னொருவரின் வரிசைகள் பாதியாகியிருக்கின்றன. மொத்த எண்ணிக்கை பொருந்துவது விடை பொருந்துவதற்குச் சான்றாகாது.

மற்ற மென்பொருள்கள் அவரவர் பாதையில் போகின்றன. ட்ரினோவில் ஒரே அன்னெஸ்ட்டுக்குள் பல அரேக்களைக் கொடுத்தால் குட்டையானதை 'நல்' கொண்டு நிரப்பும். பிக்குவெரியில் கமா போட்டு இரண்டு அன்னெஸ்ட் எழுதினால் பெருக்கல்தான். ஸ்பார்க்கில் எக்ஸ்ப்ளோட் காலி அரே உள்ள வரிசையை விட்டுவிடும், எக்ஸ்ப்ளோட் அவுட்டர் வைத்துக்கொள்ளும். ஸ்னோஃப்ளேக்கின் ஃப்ளாட்டனுக்கு அவுட்டர் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இவை எல்லாமே, ஒன்றும் சொல்லாமல் விட்டால், காலியானதைக் கைவிடும் கட்சி. கிளிக்ஹவுஸ் மட்டும் ஒரு விஷயத்தில் எனக்குப் பிடித்ததைச் செய்கிறது. அதன் அரே ஜாயினில் நீளம் பொருந்தாத இரண்டு அரேக்களைக் கொடுத்தால், நீங்களாக அமைப்பை மாற்றாதவரை, பிழை என்று சொல்லி நின்றுவிடும். இரண்டு அரேக்களின் உறுப்புகள் இடத்துக்கு இடம் பொருந்தியவை என்று நாம் நம்பும்போது, நீளம் வேறுபடுவது தரவு கெட்டுப்போனதற்கான அறிகுறி. அதை 'நல்' போட்டு மெழுகுவதைவிட நிறுத்திச் சொல்வதே மேல்.

விரித்ததைத் திரும்ப மடித்தால் பழையபடி கிடைக்குமா? ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் இருந்த ஐபிஎம் மையத்தின் யெஷ்கேயும் ஷெக்கும் 1982இலேயே இதைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். மடித்ததை விரித்தால் பழையது அப்படியே கிடைக்கும். விரித்ததை மடித்தால் பழையது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நம் மூன்றாமவரை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். குழந்தைகளைக் கமா போட்டு விரித்து, ஊழியர் எண்படி தொகுத்து, அரே அக் என்ற செயற்கூறால் மறுபடி அரேயாக்கினால் அவர் இல்லை. லெஃப்ட் ஜாயின் போட்டு விரித்து மடித்தால் அவர் வருகிறார், ஆனால் காலி அரேயோடு அல்ல. ஒரு 'நல்' கொண்ட அரேயோடு. அதன் நீளம் 1. குழந்தை இல்லாதவருக்குப் பெயர் தெரியாத ஒரு குழந்தை பிறந்துவிட்டது. சரி, 'நல்' உறுப்புகளை ஃபில்டர் செய்து மடிப்போம் என்றால், அப்போது காலி அரே வராமல் மொத்த அரேயுமே 'நல்' ஆகிவிடும். இல்லை என்று சொன்னவர், கேட்கப்படாதவராக மாறிவிட்டார். கோவலெஸ்ஸைப் போட்டுக் காலி அரேயை நாமே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் உண்மையிலேயே கேட்கப்படாதவர்களும் இல்லை என்று சொன்னவர்களாகிவிடுவார்கள். ஒருமுறை கலந்த பிறகு பிரிக்க முடிவதில்லை.

ஆகவே விரிக்காமலே வேலை முடியுமா என்று முதலில் பார்ப்பதுதான் என் வழக்கம். இன்ன பெயரில் குழந்தை இருக்கும் ஊழியர்கள் யார் என்பதற்கு அரேயை விரிக்கத் தேவையே இல்லை. எனி, எக்ஸிஸ்ட்ஸ் போன்ற சொற்கள் ஊழியருக்கு ஒரு வரிசை என்ற உடன்பாட்டைக் கலைக்காமல் விடை தரும். ஒவ்வோர் அரேயிலிருந்தும் ஒரு சுருக்கம்தான் வேண்டும் என்றால், அதாவது எத்தனை குழந்தைகள், கடைசி வேலை எது என்பது போல, அதற்கென்று ஒரு துணைக்குவெரி எழுதி, உள்ளேயே விரித்து, உள்ளேயே ஒரே மதிப்பாக்கி, அதன் பிறகு ஊழியரோடு சேர்க்க வேண்டும். 2013இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.3 லேட்டரல் என்ற சொல்லை ஏற்றதிலிருந்து இதை எழுதுவது சுலபம். இரண்டு அரேக்களுக்கு இரண்டு துணைக்குவெரிகள். ஒவ்வொன்றும் ஊழியருக்கு ஒரே வரிசை தருவதால் பெருக்கல் 1 பெருக்கல் 1ஓடு நின்றுவிடும். சம்பள மொத்தம் 1,20,000ஆகவே இருக்கும்.

பக்கம் பக்கமாகக் காட்டும் திரைகளிலும் விரிப்பதைத் தள்ளிப்போடுவது உதவும். விரித்த பிறகு லிமிட் 10 என்று போட்டால் 10 ஊழியர்கள் வரமாட்டார்கள், 10 வரிசைகள் வரும். நம் அட்டவணையில் இரண்டாவது ஊழியரின் வரிசைகளுக்கு நடுவிலேயே பக்கம் முடிந்துவிடக்கூடும். முதலில் ஊழியர்களைத் தேர்ந்து லிமிட் போட்டுவிட்டு, பிறகு விரிக்க வேண்டும்.

விரித்தே ஆக வேண்டும் என்ற இடங்களில், குவெரியை ஓட்டுவதற்கு முன்பே எத்தனை வரிசை வர வேண்டும் என்று தரவுத்தளத்தையே சொல்லவைக்கலாம். ஒவ்வோர் ஊழியரின் அரே நீளத்தையும் கூட்டினால் கமா போட்ட விரிப்பின் எண்ணிக்கை. நீளம் 0 என்றால் 1 என்று வைத்துக் கூட்டினால் லெஃப்ட் ஜாயின் விரிப்பின் எண்ணிக்கை. இரண்டு நீளங்களையும் பெருக்கிக் கூட்டினால் இரட்டை விரிப்பின் எண்ணிக்கை. கூடவே விடையில் வேறுபட்ட ஊழியர் எண்கள் எத்தனை என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் முன்கூட்டிச் சொன்னபடி வந்தால்தான் அடுத்த ஜாயினுக்குப் போவது.

இந்தக் கணக்குக்கு போஸ்ட்கிரெஸ்ஸில் அரே லெங்த் என்ற செயற்கூறைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு வம்புகள். காலி அரேயின் நீளத்தை அது 0 என்று சொல்லாது, 'நல்' என்று சொல்லும். இரண்டு பரிமாண அரே என்றால், 1, 2 ஒரு வரியிலும் 3, 4 இன்னொரு வரியிலும் உள்ள அரேக்கு, முதல் பரிமாணத்தின் நீளமாக 2 என்று சொல்லும். ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸின் அன்னெஸ்ட் எத்தனை பரிமாணம் இருந்தாலும் அடிமட்டம்வரை போய் 4 வரிசைகளைக் கொட்டிவிடும். டக்டிபியிலோ ட்ரினோவிலோ அதே அமைப்பை விரித்தால் ஒரு மட்டம் மட்டும் திறந்து 2 வரிசைகள்தான் வரும், ஒவ்வொன்றிலும் ஓர் அரே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் எண்ண வேண்டியது கார்டினாலிட்டி என்ற செயற்கூறால். அது காலி அரேக்கு 0 தரும், மேலே சொன்ன இரு பரிமாண அரேக்கு 4 தரும். அரேயே இல்லாத கட்டத்துக்கு மட்டும் 'நல்' தரும் என்பதால் அங்கே கோவலெஸ் போட்டு 0 ஆக்கிவிட்டுக் கூட்ட வேண்டும்.